குளத்தோட ஒரு முழு வருஷம்: சீசனுக்கு சீசன் செடியும் உயிரும் மாறுறதை சரியா பதிவு பண்றது எப்படி

குளத்துல சீசனுக்கு சீசன் என்ன மாறுதுன்னு பாக்கலாம்னு ஆசையா ஆரம்பிக்கிறவங்கள்ல நிறைய பேர் நாலாவது மாசம் நோட்டை மூடி வெச்சிடுறாங்க. சோம்பேறித்தனம்னு நான் சொல்ல மாட்டேன். எழுதி வெச்சதை திருப்பிப் பாத்தா ஒண்ணும் பிடிபடல, அதான் விட்டுடுறாங்க. ஒரு தடவை காலைல இந்தக் கரைல வலை போட்டிருப்பாங்க, அடுத்த தடவை சாயங்காலம் எதிர்க்கரைல, அப்புறம் ஒரு மாசம் கேப். இதுல பூச்சி குறைஞ்சது சீசனாலயா, இடம் மாறினதாலயா, நேரம் மாறினதாலயான்னு யாராலயும் சொல்ல முடியாது.

அதனால கீழ இருக்கிறதுல பாதிக்கு மேல, எதையெல்லாம் மாத்தாம வெச்சுக்கணும்கிறதைப் பத்திதான் இருக்கும். சீசன் மட்டும்தான் மாறணும், மத்த எல்லாம் அப்படியே நிக்கணும். இது பிடிபட்டுட்டா மிச்சமெல்லாம் கைப்பழக்கம்தான்.

1. குளத்தை தேர்ந்தெடுக்கிறது

அழகான குளம் வேணாம், பக்கத்துல இருக்கிற குளம் வேணும். வருஷத்துக்கு குறைஞ்சது 26 தடவை போகப் போறீங்க, மழையிலயும் போகணும், வெயில்லயும் போகணும். தூரமா இருந்தா அஞ்சாவது தடவையே ஏதாவது காரணம் வந்துடும்.

கரை சரிவா இறங்குற குளமா பாருங்க. செங்குத்தா வெட்டின கரைன்னா ஓரத்துச் செடிகள் வளர இடம் இருக்காது, உங்களுக்கும் ஆபத்து. யாருக்குச் சொந்தமோ அவங்ககிட்ட முதல்லயே அனுமதி வாங்கிடுங்க, தூர் வாரப் போறாங்களா, மருந்து அடிப்பாங்களா, மீன் குஞ்சு விடுவாங்களான்னும் கேட்டு வெச்சுக்கங்க. இந்த மூணுல எது நடந்தாலும் அந்த வருஷ மாற்றத்தை சீசன் கணக்குல சேர்க்க முடியாது.

2. முன்னாடியே ரெடி பண்ண வேண்டியவை

விலை கூடின கருவி எதுவும் இல்லாம முக்கால்வாசி வேலை முடியும்.

தண்ணி எவ்வளவு தெளிவுன்னு அளக்க செக்கி டிஸ்க், அதாவது 20 செ.மீ அகலத்துல கறுப்பு வெள்ளைன்னு நாலு பாகமா பெயிண்ட் அடிச்ச ஒரு வட்டத் தட்டு, அடில கனம் கட்டி, 10 செ.மீ-க்கு ஒரு மார்க் போட்ட கயிறுல தொங்க விடுறது. வீட்லயே செஞ்சுக்கலாம். நீளுற நைலான் கயிறு வேணாம், ஆறு மாசத்துல மார்க் எல்லாம் தப்பாயிடும்.

அப்புறம் தர்மாமீட்டர், 1 மி.மீ கண்ணு உள்ள கைப்பிடி வலை, வெள்ளை ட்ரே, பத்து மடங்கு லென்ஸ், பிளாஸ்டிக் பைப்ல செஞ்ச அரை மீட்டர் சதுரச் சட்டம் ஒண்ணு, கண்ணாடி ஜாடி ரெண்டு, ஸ்டாப்வாட்ச், பென்சில். பேனா வேணாம், நனைஞ்சா எழுத்து போயிடும். பிளாங்க்டன்னா தண்ணில மிதந்து திரியிற ரொம்பச் சின்ன உயிருங்க, அதைப் பிடிக்க 60லேர்ந்து 80 மைக்ரான் (ஒரு மைக்ரான்னா ஒரு மி.மீ-ல ஆயிரத்துல ஒரு பங்கு) கண்ணு உள்ள பிளாங்க்டன் வலை கிடைச்சா ரொம்ப நல்லது, இல்லாட்டியும் ஜாடியை வெச்சு ஓட்டலாம்.

ட்ரே ஏன் வெள்ளையா இருக்கணும்னா, தட்டானோட இளம்புழு சேத்துக் கலர்லயே இருக்கும், ஆடாம கிடக்கும். கலர் ட்ரேல அது உங்க மூக்குக்கு முன்னாடி இருந்தாலும் தெரியாது.

3. மேப் போட்டு இடத்தை ஃபிக்ஸ் பண்றது

முதல் நாள் எதையும் பிடிக்காதீங்க, எண்ணாதீங்க. குளத்தைச் சுத்தி நடந்து ஒரு மேப் மட்டும் போடுங்க. எங்க சம்பும் கோரையும் நிக்குது, எங்க அல்லி, தாமரை இலை மிதக்குது, எங்க ஹைட்ரில்லா மாதிரி முங்கின செடி இருக்கு, எங்க வெறும் மண்ணு, தண்ணி எங்க உள்ள வருது எங்க வெளிய போகுது. இவ்வளவு போதும்.

அதுல மூணு இடம் தேர்ந்தெடுங்க: கோரை ஓரம் ஒண்ணு, முங்கின செடி நடுவுல ஒண்ணு, செடியே இல்லாத வெட்டவெளி ஒண்ணு. ஒவ்வொரு இடத்துக்கும் கரைல குச்சி அடிச்சு நம்பர் போடுங்க. மூணு ஏன்னா, உயிருங்க சீசன்ல காணாம போறதைவிட இடம் மாறிப் போறது அதிகம். செடி அழுகி விழுந்ததும் அங்க இருந்த நத்தையெல்லாம் கோரை ஓரத்துக்கு வந்துடும், ஒரே இடத்தை மட்டும் பாத்துட்டிருந்தா நத்தை செத்துப்போச்சுன்னு எழுதிடுவீங்க.

முக்கியமான இன்னொண்ணு, தண்ணி மட்டம் அளக்க ஒரு அளவுகோல் குச்சியை தண்ணிக்குள்ள ஆழமா அடிச்சு வெச்சுடுங்க. இதை விடுறவங்கதான் அதிகம். தண்ணி மட்டம் தெரியாட்டி பின்னாடி எடுக்கிற எந்த எண்ணிக்கைக்கும் அர்த்தம் சொல்ல முடியாது, ஏன்னு எட்டாவதுல சொல்றேன்.

4. எத்தனை நாளைக்கு ஒரு தடவை, எந்த நேரம்

ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை. மாசத்துக்கு ஒண்ணுன்னா நடுவுல நடக்கிற பெரிய விஷயமே தப்பிடும், பிளாங்க்டன் கூட்டம் மூணு வாரத்துல ஏறி இறங்கிடும். குளிர் முடிஞ்சு வெயில் ஏறுற சமயத்துலயும், முதல் பெரிய மழைக்கு அப்புறம் ஒரு மாசமும், வாரத்துக்கு ஒரு தடவை போங்க.

நேரத்தை மாத்தவே மாத்தாதீங்க. பகல்ல செடி ஆக்சிஜன் விடும், ராத்திரி செடி உட்பட எல்லாமே ஆக்சிஜனை இழுக்கும், அதனால பொழுது விடியறதுக்கு கொஞ்சம் முன்னாடிதான் தண்ணில ஆக்சிஜன் ரொம்பக் கம்மி, மத்தியானத்துக்கு மேல ரொம்ப அதிகம். செடி நெருக்கமா இருக்கிற ஆழமில்லாத குளத்துல ஒரே நாள்ல இருக்கிற இந்த வித்தியாசம் ரெண்டு சீசனுக்கு நடுவுல இருக்கிற வித்தியாசத்தைவிட பெருசா இருக்கும். சின்ன உயிருங்கள்ல நிறைய, பகல்ல ஆழத்துக்குப் போயி ராத்திரி மேல வரும், அதையும் சேத்துக்கங்க.

நான் முதல் வருஷம் எப்ப நேரம் கிடைக்குதோ அப்ப போனேன். வருஷம் முடிஞ்சு ஆக்சிஜன் கிராஃப் போட்டா ஏத்த இறக்கமா ஒரு கோடு வந்துச்சு, அது சீசனைக் காட்டல, நான் எத்தனை மணிக்குப் போனேங்கிறதைத்தான் காட்டிச்சு. ஒரு வருஷ உழைப்பு அப்படியே போச்சு. காலை 10 மணின்னா கடைசி வரைக்கும் 10 மணிதான். செக்கி டிஸ்க்குக்கும் 10லேர்ந்து 2 மணிக்குள்ளதான் வெளிச்சம் சரியா இருக்கும்.

5. கரைக்குப் போனதும் எது முதல்ல, எது கடைசி

இந்த வரிசைதான் எல்லாத்தையும் விட முக்கியம். புதுசா வர்றவங்க நேரா வலையோட தண்ணில இறங்கிடுவாங்க. ரெண்டே நிமிஷத்துல சேறு கலங்கிடும், பறவை பறந்துடும், தவளை குதிச்சுடும், அதுக்கப்புறம் தெளிவு அளந்தா நீங்க கலக்கின சேத்தைத்தான் அளக்கிறீங்க.

முதல்ல தூரத்துலயே நின்னு அஞ்சு நிமிஷம் பறவை பாருங்க. அப்புறம் மெதுவா கிட்ட வந்து, தண்ணி மேல ஓடுற பூச்சி, பறக்கிற தட்டான், ஊசித்தட்டான், கரைல உக்காந்திருக்கிற தவளை. அடுத்து அதே இடத்துல நின்னு அதே திசைல ஒரு ஃபோட்டோ. அதுக்கப்புறம் தண்ணி மட்டம், வெப்பநிலை (மேல் தண்ணி ஒண்ணு, அடித் தண்ணி ஒண்ணு), செக்கி. அடுத்து பிளாங்க்டனுக்கு தண்ணி எடுக்கிறது, அப்புறம் செடி. வலை கடைசிலதான்.

செக்கி அளக்கும்போது நிழல் விழுற பக்கமா நின்னு, டிஸ்க்கை மெதுவா இறக்குங்க. கண்ணுக்கு மறையிற ஆழத்தைக் குறிச்சுக்கிட்டு, இன்னும் கொஞ்சம் இறக்கி, திருப்பித் தூக்கும்போது எந்த ஆழத்துல தெரிய ஆரம்பிக்குதுன்னு பாருங்க. ரெண்டோட சராசரிதான் உங்க அளவு. கூலிங் கிளாஸ் போடாதீங்க. அடித்தரை வரைக்கும் டிஸ்க் தெரிஞ்சா "தரை வரை தெரியுது"ன்னு எழுதுங்க, அதை ஒரு நம்பரா எழுதிடாதீங்க.

6. செடிகளை அளக்கிறது

சதுரச் சட்டத்தை ஒவ்வொரு இடத்துலயும் அதே புள்ளில மிதக்க விட்டு, உள்ள எந்தச் செடி எத்தனை சதவீதம் மூடியிருக்குன்னு எழுதுங்க. செடிகளை எண்ணாதீங்க, சிறு மிதவைச் செடியை எண்ணி மாளாது. 0, 5-க்குள்ள, 5லேர்ந்து 25, 25லேர்ந்து 50, 50லேர்ந்து 75, அதுக்கு மேல, இப்படி ஆறு படி வெச்சுக்கிட்டா போதும். 37 சதவீதம்னு கண்ணால யாராலயும் சொல்ல முடியாது, சொன்னாலும் அடுத்த தடவை அதே கண்ணு வேற சொல்லும்.

சதவீதத்தோட செடி எந்த நிலையில இருக்குன்னும் ஒரு வரி எழுதுங்க: துளிரா, பூவா, விதையா, பழுத்துச் சாயுதா. செடி "காணாம போறது" முக்கால்வாசி நேரம் சாவு இல்ல. தாமரையும் அல்லியும் இலையை விட்டுட்டு கிழங்கா சேத்துக்குள்ள இருக்கும். ஹைட்ரில்லா மண்ணுக்குள்ள சின்னச் சின்னக் கிழங்கு வைக்கும், இலைக்கணுவுலயும் பச்சையா கெட்டியா மொட்டு மாதிரி ஒண்ணு வைக்கும், அது கழண்டு விழுந்து அடில தூங்கும். மிதவைச் செடிகள்லயும் சில வகை குளிர் வந்ததும் மாவுச்சத்து நிறைஞ்ச மொட்டு போட்டு அடிக்கு அனுப்பிடும். வெயில் வந்ததும் அதே மொட்டு மேல வந்து மறுபடி இலை விடும். அதனால 0ன்னு எழுதும்போது பக்கத்துல "சேத்துக்குள்ள கிழங்கு இருக்கு" அல்லது "பாக்கல"ன்னு சேர்த்து எழுதுங்க.

7. மிதக்கிற சின்ன உயிர்கள்

முழங்கை ஆழத்துல ஜாடியை கவுத்து முக்கி, உள்ள திருப்பி நிரப்புங்க. மேல் தண்ணியை மட்டும் அள்ளினா மிதக்கிற தூசியும் மகரந்தமும்தான் வரும். பிளாங்க்டன் வலை இருந்தா ஒவ்வொரு தடவையும் அதே 10 லிட்டரை அதுல ஊத்தி வடிகட்டுங்க. உடனே பாக்க முடியாட்டி லூகால் அயோடின் (உயிருங்களைக் கொன்னு கெடாம வைக்கிற அயோடின் கரைசல்) சொட்டு விட்டு வெளிறின டீ கலர் வர்ற வரைக்கும் கலந்து இருட்டுல வைங்க, இல்லைன்னா ஜாடிக்குள்ளயே ஒண்ணை ஒண்ணு தின்னு முடிச்சுடும்.

ஜாடியை வெளிச்சத்துக்கு நேரா தூக்கிப் பிடிச்சா தத்தித் தத்திக் குதிக்கிற புள்ளிங்க தெரியும், அதுதான் டாஃப்னியா, நீர்த்தெள்ளுன்னும் சொல்வாங்க. லென்ஸ்ல பாருங்க. உடம்பு கண்ணாடி மாதிரி இருக்கும், ஒத்தைக் கண்ணு, உள்ள குடல்ல பச்சையா ஒரு கோடு, அது அப்பத்தான் தின்ன பாசி. முதுகுப்பக்கம் ஒரு பைக்குள்ள வட்ட வட்டமா முட்டை கிடந்தா சாப்பாடு நல்லா கிடைக்குது, ஆணே இல்லாம பெண்ணுங்க குட்டி போட்டுப் பெருகிட்டு இருக்குன்னு அர்த்தம். வேற ஒரு நாள் அதே முதுகுல கறுப்பா, குதிரைச் சேணம் வெச்ச மாதிரி ஒரு ஓடு தெரியும். அதுக்குள்ள இருக்கிறது உறங்குமுட்டை. கூட்டம் நெருக்கமாகி, சாப்பாடு குறைஞ்சு, பகல் நேரம் மாறும்போது ஆண்கள் பிறந்து, கலந்து, இந்த முட்டை உண்டாகுது. வறட்சி, உறைபனி ரெண்டையும் தாங்கும். சேணம் வெச்சது எத்தனைன்னு தனியா எண்ணி வெச்சா, கூட்டம் சரியறதுக்கு முன்னாடியே உங்களுக்குத் தெரிஞ்சுடும். எனக்கு வருஷம் முழுக்க ரொம்பப் பிடிச்ச எண்ணிக்கை இதுதான்.

தண்ணி மங்கலா இருந்தா அது பாசியா சேறான்னு பிரிச்சுடணும். ஒரு ஜாடித் தண்ணியை ஆட்டாம ராத்திரி முழுக்க வைங்க. அடில பழுப்பா படிஞ்சு மேல தெளிஞ்சா பெரும்பாலும் சேறு, பச்சை அப்படியே நின்னாலோ மேல மிதந்தாலோ பாசி. ரொம்ப மெல்லிய களிமண்ணு மட்டும் ஒரு ராத்திரில படியாது, ஆனா அதுல பச்சை இருக்காது.

தண்ணி மேல பச்சை பெயிண்ட் கொட்டின மாதிரி படலம் இருந்தா கை வைக்காதீங்க. குச்சியால தூக்குங்க, நூல் நூலா தொங்கினா அது இழைப்பாசி. தூக்க வராம பெயிண்ட் மாதிரியே குச்சில ஒட்டினா நீலப்பச்சைப் பாசியா இருக்கலாம், அதுல சில வகை விஷம், நாய் குடிச்சா செத்தே போகும். அன்னிக்கு தண்ணில இறங்க வேணாம், ஃபோட்டோ மட்டும் போதும்.

8. வலை போடுறது, எண்ணுறது

மொத்தம் மூணு நிமிஷம், இடத்துக்கு ஒரு நிமிஷம், ஸ்டாப்வாட்ச் வெச்சு. நிறைய கிடைக்குதேன்னு நீட்டக் கூடாது, ஒண்ணும் வரலையேன்னும் நீட்டக் கூடாது. இந்த ரெண்டாவதைத்தான் எல்லாரும் பண்றாங்க, மனசு கேக்காம இன்னும் ரெண்டு நிமிஷம் துழாவி நாலு பூச்சி பிடிச்சு எழுதிடுவாங்க. அந்த மாசம் குறைஞ்சதுங்கிற தகவலே அதுல அழிஞ்சு போச்சு.

ட்ரேல கொட்டி ஒரு இன்ச் தண்ணி விட்டு, ரெண்டு நிமிஷம் அசைக்காம விடுங்க. ஆடாம கிடந்ததெல்லாம் அப்பத்தான் நகரும். இனம் வரைக்கும் கண்டுபிடிக்கணும்னு அவசியமில்ல, தட்டான் இளம்புழு, ஊசித்தட்டான் இளம்புழு (வால் முனைல மூணு இலை மாதிரி இருக்கும்), மேஃப்ளைங்கிற பூச்சியோட இளம்புழு, சிவப்பா நெளியிற ரத்தப்புழு, வண்டு, மல்லாக்க நீந்துற பூச்சி, நத்தை, தலைப்பிரட்டை, மீன் குஞ்சு, இந்தப் பிரிவு போதும். தப்பா இனப்பேர் எழுதுறதைவிட சரியா பிரிவுப்பேர் எழுதுறது ஆயிரம் மடங்கு மேல்.

இப்ப தண்ணி மட்டம் விஷயத்துக்கு வர்றேன். வறண்ட மாசத்துல குளம் சுருங்கும், இருக்கிற உயிரெல்லாம் கொஞ்சூண்டு தண்ணிக்குள்ள நெருங்கும், வலைல அள்ள அள்ள வரும். பெருகிடுச்சுன்னு தோணும், பெருகல. மழை கொட்டி குளம் நிறைஞ்சதும் அதே உயிருங்க பரவிப் போகும், வலை காலியா வரும், செத்துப்போச்சுன்னு தோணும், சாகல. மட்டக்குச்சி நம்பரை எண்ணிக்கைக்குப் பக்கத்துலயே எழுதினாத்தான் இந்த ஏமாத்தம் தெரியும்.

தட்டானுக்கு மட்டும் ஒரு தனி வழி இருக்கு. இளம்புழு கோரைத் தண்டுல ஏறி, தோலை உரிச்சு, தட்டானா பறந்து போகும், உரிச்ச தோல் தண்டுலயே பிடிச்சுட்டு நிக்கும். ஒரு தட்டானுக்கு ஒரு தோல்தான். அதே பத்து மீட்டர் கரைல ஒவ்வொரு தடவையும் தோலை எண்ணி, எடுத்துடுங்க, எடுக்காட்டி அடுத்த தடவை மறுபடி எண்ணிடுவீங்க. பறக்கிற தட்டான் எங்கிருந்து வேணாலும் வந்திருக்கலாம், தோல் இருந்தா அது இந்தக் குளத்துலயே வளர்ந்தது.

9. எந்தச் சமயத்துல எதை எதிர்பாக்கணும்

குளிரும் வெயிலும் நல்லா மாறுற இடங்கள்ல, வெளிச்சம் ஏற ஏற முதல்ல டயட்டம்ங்கிற நுண்பாசி பெருகும், தண்ணி லேசா பழுப்படிக்கும், செக்கி குறையும். சில வாரத்துல டாஃப்னியா பெருகி அதைத் தின்னு தீர்க்கும், தண்ணி திடீர்னு பளிச்சுன்னு தெளிஞ்சுடும். குளத்துக்கு ஏதோ ஆச்சோன்னு இங்கதான் நிறைய பேர் பயப்படுறாங்க. அப்புறம் மீன் குஞ்சுங்க டாஃப்னியாவைத் தின்னும், வெயில் உச்சத்துல டாஃப்னியாவால தின்ன முடியாத பெரிய பாசி, நீலப்பச்சைப் பாசி வரும்.

ஆழமான குளத்துல வெயில் காலத்துல சூடான லேசான தண்ணி மேலயும் குளிர்ந்த கனமான தண்ணி அடிலயும் கலக்காம நிக்கும், அடில ஆக்சிஜன் தீர்ந்து போகும். அங்க ரத்தப்புழு மாதிரி சிலதுதான் தாக்குப்பிடிக்கும், ரத்தப்புழுவோட சிவப்பு ஹீமோகுளோபின், கிடைக்கிற கொஞ்ச ஆக்சிஜனையும் பிடிச்சுக்கும். மறுபடி குளிர்ந்ததும் மேல் தண்ணி கனமாகி, காத்தும் சேர்ந்து, ரெண்டும் கலக்கும். அந்த வாரம் அழுகின முட்டை நாத்தம் அடிக்கலாம், மீன் மேல வந்து வாய் பிளக்கலாம். தண்ணிக்கு 4 டிகிரிலதான் கனம் அதிகம், அதனாலதான் மேல உறைஞ்சாலும் அடித்தண்ணி உறையாம உயிருங்க பிழைச்சுக்குது. உறைஞ்ச குளத்துல அளவெடுக்க நடந்து போகாதீங்க, கரைல இருந்து பாத்தது போதும்.

மழையும் வறட்சியும் சீசனை நடத்துற இடங்கள்ல வெப்பநிலை பெருசா மாறாது, மட்டக்குச்சிதான் அங்க உங்க காலண்டர். முதல் மழைல சேறு, செக்கி விழும், முங்கின செடி வெளிச்சம் இல்லாம இளைக்கும். மழை பெய்ஞ்ச ராத்திரியே தவளை முட்டை போட்டுடும், பின்னாடியே தலைப்பிரட்டை. சேறு அடங்கினதும் செடியும் பூச்சியும் ஒண்ணா ஏறும். வெயில் கூடக் கூட தண்ணி பிடிச்சு வைக்கிற ஆக்சிஜனும் குறையும், 20 டிகிரில லிட்டருக்கு சுமார் 9 மி.கி, 30 டிகிரில ஏழரைதான், வறட்சி முடிவுல மீன் சாகுறதுக்கு இதுவும் ஒரு காரணம்.

10. குளம் வத்திப்போனா

நிறுத்திடாதீங்க. ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா போய் ஃபோட்டோ எடுங்க, வெடிச்ச மண்ணுல என்ன செடி முளைக்குதுன்னு எழுதுங்க. நத்தைல சில வகை மூடியை இறுக்கி மூடிக்கிட்டு சேத்துக்குள்ள புதைஞ்சு இருக்கும், தோண்டி எடுத்தா அங்கயே திருப்பிப் புதைச்சுடுங்க.

காஞ்ச மேல்மண்ணு ரெண்டு கைப்பிடி எடுத்து ஜாடில போட்டு, மழைத்தண்ணி ஊத்தி வெளிச்சத்துல வைங்க. குளோரின் போட்ட குழாய்த்தண்ணி வேணாம். பெரும்பாலும் ஒண்ணு ரெண்டு வாரத்துக்குள்ள புள்ளி புள்ளியா ஏதாவது நீந்தும். அதுல டாஃப்னியா இருந்தா, அந்தச் சேணத்துக்குள்ள இருந்த முட்டை பொரிச்சு வந்ததுதான். அடுத்த மழைக்கு இந்தக் குளத்துல முதல்ல யார் வருவாங்கன்னு அந்த ஜாடி முன்கூட்டியே காட்டிடும்.

11. கிளம்புறதுக்கு முன்னாடி

பிடிச்சதை பிடிச்ச இடத்துலயே விடுங்க. வலை, ட்ரே, பூட்ஸ் எல்லாத்தையும் கழுவி, முழுசா காய வெச்சுட்டுத்தான் இன்னொரு குளத்துக்குப் போகணும். ஒட்டிக்கிட்டு வர்ற ஒரு துண்டு ஹைட்ரில்லா போதும், புதுக் குளத்தை மூடிடும், தவளையைக் கொல்ற பூஞ்சையும் ஈர வலைலயே பரவும். கைல காயம் இருந்தா க்ளவுஸ் போடாம தண்ணில கை விடாதீங்க. தனியா போகாதீங்க.

12. நோட்டும் வருஷக் கடைசிக் கணக்கும்

கரைலயே எழுதிடுங்க, வீட்டுக்கு வந்து ஞாபகத்துல எழுதினா நமக்குப் பிடிச்சது கூடும், பிடிக்காதது குறையும். தேடியும் கிடைக்காததுக்கு 0, தேடவே இல்லைன்னா ஒரு கோடு. ரெண்டையும் காலியா விட்டுட்டா ஆறு மாசம் கழிச்சு வித்தியாசம் தெரியாது.

வருஷம் முடிஞ்சதும் ஒரே நீளமான தாள்ல மாசத்தை குறுக்கால போட்டு, மேலேர்ந்து கீழ தண்ணி மட்டம், வெப்பநிலை, செக்கி, செடி, டாஃப்னியா, வலை எண்ணிக்கைன்னு ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா கோடு வரைங்க. தனித்தனி தாள்ல வரைஞ்சா தொடர்பு தெரியாது. ஒரே தாள்ல இருந்தா, டாஃப்னியா ஏறினதுக்கு அடுத்து செக்கி ஏறியிருக்கும், செடி சாய்ஞ்சதுக்கு அடுத்து நத்தை கோரைக்கு வந்திருக்கும், கண்ணுக்கு நேரா விழும். எது முன்னாடி எது பின்னாடின்னு மட்டும் குறிச்சு வைங்க, எதனால எதுன்னு ஒரு வருஷத்தை மட்டும் வெச்சு எழுதிடாதீங்க. ஒரு வருஷம் மழை தாமதமானாலே எல்லாம் தள்ளிப் போகும்.

ரெண்டாவது வருஷம் ஆரம்பிக்கும்போது பழைய ஃபோட்டோவை வெச்சு குச்சியெல்லாம் அதே இடத்துல நிக்குதான்னு சரி பாத்துட்டு, போன வருஷம் ஆரம்பிச்ச அதே வாரத்துல, அதே 10 மணிக்கு, தூரத்துல நின்னு பறவைலேர்ந்து ஆரம்பிங்க.